தெமிர் என்று சொன்னவள்

மோதியது என்னவோ உண்மை. அதில் குலாயிமுக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டியரிங் வழியாக மணிக்கட்டு வரை ஏறிய அதிர்வு இன்னும் இறங்கவில்லை. பம்பரின் ஒரு மூலை உடைந்து தொங்கியது, ஒரு முன்விளக்கு தூள் தூளாகச் சிதறிக் கிடந்தது, எஞ்சின் அந்த நொடியே நின்றுபோயிருந்தது. ஆனால் இறங்கிப் பார்த்தால் காருக்கு முன்னால் எதுவும் இல்லை. குதிரை இல்லை, மாடு இல்லை, மேலிருந்து உருண்ட பாறையும் இல்லை. கணுக்கால் அளவு விழுந்திருந்த பனியில் ஒரு தடம் உண்டா, ஒரு சொட்டு ரத்தம் உண்டா? ஊஹூம். காற்று வழித்துவிட்ட பனி அப்படியே வழுவழுவென்று கிடந்தது.

மணி மூன்றுதான். ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் மூன்று மணி என்ன, பத்து மணி என்ன? வானம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பத்தடிக்கு அப்பால் உலகமே வெள்ளையாக அடைத்துக்கொள்ளும்.

"என்னக்கா ஆச்சு? குதிரையா?" பின் சீட்டிலிருந்து பேர்மெத் கேட்டாள்.

"குதிரையா இருந்தா இந்நேரம் அதோட சொந்தக்காரன் வந்து என் சட்டையப் பிடிச்சிருப்பான். ஒண்ணுமில்ல, நீ படு."

"எஞ்சின் நின்னுபோச்சே."

"நிக்கிற எஞ்சினை ஓட வெச்சுத்தானே இருபது வருஷமா சோறு திங்கிறேன். வலி எப்படி இருக்கு?"

"வந்து வந்து போகுது. எட்டு நிமிஷத்துக்கு ஒரு தரம்."

பேர்மெத், குலாயிமின் தம்பி உலாரின் மனைவி. உலார் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். தலைப்பிரசவம். மதியம் வலி எடுத்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். கணவாயில் பனி, வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "உங்க வண்டி வராட்டிப் போங்க, என் வண்டி போகும்" என்று போனை வைத்தவள் குலாயிம். ஊரில் கார் பழுது பார்க்கும் கொட்டகை அவளுடையது, பேச்சும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம். இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்.

தொங்கிய பம்பரைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அந்த முடி கண்ணில் பட்டது. ரேடியேட்டர் கம்பிக்குள் சிக்கியிருந்தது. ஒரே ஒரு முடி, ஒரு முழத்துக்கும் மேல் நீளம், நல்ல மஞ்சள். குலாயிம் கையுறையைக் கழற்றிவிட்டு அதைப் பிடித்து இழுத்தாள். சாவிக்கொத்தே விரலில் ஒட்டிக்கொள்ளும் குளிர் அது. முடி மட்டும் சூடாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் அந்தப் பேயின் பெயரைச் சொல்ல மாட்டோம், மஞ்சள்காரி என்போம். பிரசவ வலியில் கிடக்கும் பெண்ணைத் தேடி வருவாள். செம்பு நகத்தால் உள்ளே கைவிட்டு ஈரலை எடுத்துப் போய்த் தண்ணீரில் நனைப்பாள், அந்த நொடியில் தாய் செத்துப்போவாள். அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான், கொல்லன் இரும்பில் சுத்தியல் அடிக்கும் சத்தம். குலாயிமின் அம்மா உலாரைப் பெற்றபோது செத்தாள். அப்பா கொல்லர்தான், ஆனால் அன்றைக்குப் பார்த்து சந்தைக்குப் போயிருந்தார். "நான் வாசல்ல நின்னு ரெண்டு தட்டு தட்டியிருந்தா போதும்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு வயதில் அதை நம்பிய குலாயிம் இருபது வயதில் ரத்தப்போக்கு என்ற சொல்லைக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு மஞ்சள்காரியாவது, மண்ணாங்கட்டியாவது.

முடியைப் பனியில் எறிந்தாள். கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டாள்.

பின் கதவைத் திறந்து, "உன் கால்கிட்ட பெட்டி இருக்கு பாரு, அதுல சுத்தியலை எடு" என்றாள்.

"எந்தக் கறுப்பு? பெரிய கறுப்பா, சின்னக் கறுப்பா?"

இந்த நிலையிலும் குலாயிமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, அந்தப் பெயர் ஒலிக்கிற எந்தச் சொல்லையும் சொல்லக் கூடாது. அப்பாவின் பெயர் தெமிர். எங்கள் பாஷையில் தெமிர் என்றால் இரும்பு. ஆகவே பேர்மெத் இந்த வீட்டுக்கு வந்த நான்கு வருஷத்தில் இரும்பை இரும்பு என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆணி, கொக்கி, சட்டி, டிராக்டர் எல்லாம் அவளுக்குக் கறுப்புதான். அப்பா செத்து மூன்று வருஷம் ஆகியும் அவள் விடவில்லை.

"பெரிய கறுப்பு, மகாராணி. செத்த மனுஷன் வந்து உன் காதைத் திருகவா போறார்? ஒரு தரம் சொல்லித்தான் பாரேன், தெமிர்னு."

"போங்கக்கா! மாமா கேட்டுட்டு இருப்பார்." பேர்மெத் நாக்கைக் கடித்துக்கொண்டு அப்பாவின் சுத்தியலை நீட்டினாள்.

குலாயிம் வேலையில் இறங்கினாள். மோதி நின்ற வண்டியை மிரட்டிக் கிளப்பக் கூடாது, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஹாரன் அடித்தாள், அலறியது. பாட்டரி நன்றாக இருக்கிறது. சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. வயிறு பனியில் படியப் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். பெட்ரோல் வாசனை இல்லை, ஒழுக்கும் இல்லை. பிறகு சாவியைப் பாதி மட்டும் திருப்பி மூச்சை அடக்கிக் கேட்டாள். டாங்கிக்குள் இருக்கும் சின்ன மோட்டார் இரண்டு நொடி முனக வேண்டும், அதுதான் எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளுவது.

முனகல் வரவில்லை. காற்றுகூட நின்றிருந்தது. அந்த அமைதியில் பனியை யாரோ மிதிக்கும் சத்தம் கேட்டது. கருக், கருக். நான்கு அடி, அப்புறம் ஒன்றுமில்லை.

"யாரது?" என்று கத்தினாள். "ஆளா இருந்தா வந்து கை கொடு. ஆள் இல்லேன்னா உன் வேலையப் பார்த்துட்டுப் போ!"

நசுங்கிய எஞ்சின் மூடியை நெம்பித் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தினாள். மூடி நின்றதும் கண்ணாடியும் உள்ளே இருப்பவளும் மறைந்துபோனார்கள். பியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். விரல்கள் மரத்துப்போய், பிடுங்கிய இரண்டு பியூஸ் பனியில் விழுந்து, அவற்றைத் தேடி எடுத்து வாயால் ஊதித் துடைத்துத் திரும்பப் பொருத்தக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பின்னால் பேர்மெத் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது, மறுபடி எழுந்த காற்று அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. குலாயிமின் இடுப்பு வண்டியின் முகத்தில் சாய்ந்திருந்தது. வண்டி மெல்ல அசைந்தது. பின்பக்கம் சற்றே மேலே எழும்பியது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கம் மறுபடி தாழ்ந்தது, இந்த முறை ஸ்பிரிங் கிறீச்சிடும் அளவுக்கு. பாவம், வலியில் புரள்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பியூஸ் எல்லாம் சரி. அப்படியானால் பாக்கி ஒன்றுதான். பலமாக மோதினால் தானே துள்ளி எழும்பி பெட்ரோலை அடைத்துவிடும் ஒரு பொத்தான் உண்டு, நெருப்புப் பிடிக்காமலிருக்க வைத்த ஏற்பாடு. அதை அழுத்திவிட்டால் போதும். இதற்கா இத்தனை பாடு! மூடியை அறைந்து சாத்தினாள், சுத்தியலோடு வலதுபக்க முன்கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்தாள்.

உள்ளே புளித்த பால் வாடை அடித்தது.

"வாந்தி எடுத்தியா?"

"இல்லக்கா."

பேர்மெத் கம்பளிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அந்தக் கோடியில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"வலி?"

"இல்லக்கா."

"அடுத்தது வந்திருக்கணுமே?"

"வரல."

குலாயிம் பக்கத் தகட்டைப் பிடுங்கினாள். டார்ச் அடித்தாள். ஒயர்க் கட்டு இருந்தது, பொத்தான் இல்லை. கம்பளத்தைக் கிழித்துப் பார்த்தாள். இல்லை. எத்தனை வண்டியில் இதே இடத்தில் கை வைத்து எடுத்திருக்கிறாள்! இந்த வண்டியில் மட்டும் எங்கே போய்த் தொலைந்தது?

அப்போது வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.

"அக்கா… குலாயிமக்கா…"

பேர்மெத்தின் குரல்.

குலாயிமின் கை நின்றது. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல், பனியில் பாதி அமுங்கிப்போய்.

"அக்கா, பள்ளத்துல விழுந்துட்டேன். ஒண்ணுக்குப் போக இறங்கினேன், சொல்லிட்டுத்தான் வந்தேன். கால் பிரண்டுபோச்சு… அய்யோ அக்கா, வலிக்குது!"

பின் சீட்டில் போர்வை அசைந்தது.

"அது அவக்கா. பதில் சொல்லாதீங்க. கதவைச் சாத்துங்க."

அதுவும் பேர்மெத்தின் குரல். அதே மூக்கடைப்பு. அதே பயம்.

குலாயிம் கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. போர்வைக்குள் இருப்பவளை அவளேதான் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். வெளியே நிற்பது எதுவோ, முகம் தெரியவில்லை. இருபது வயதில் தூக்கியெறிந்ததெல்லாம் ஏழு வயதின் வேகத்தில் திரும்பி ஓடிவந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அம்மாவின் கட்டில். நனைந்த துணிகள். வாசலில் அப்பா இல்லை.

"அம்மாவைத் தின்னல்ல? பத்தலியா உனக்கு?" பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே சொன்னாள். "இவளைத் தர மாட்டேன். என் வீட்டுல ஒரு பொண்ணுதான் உனக்கு. ரெண்டாவது கிடையாது."

வெளியே அழுகை கேட்டது. அவள் காதை மூடிக்கொள்ளவில்லை, கையில் வேலை இருந்தது.

பொத்தான். யோசி. யோசி.

பளிச்சென்று உறைத்தது. சே, முட்டாள்! இது ஜப்பானிலிருந்து வந்த வண்டி. வலதுபக்கம் இருந்த ஸ்டியரிங்கை மூன்று வருஷத்துக்கு முன் அவளே அறுத்து இடதுபக்கம் மாற்றினாள், ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. ஸ்டியரிங்கை மாற்றினாள், பெடலை மாற்றினாள், பொத்தானை யார் மாற்றினார்கள்? அது பழைய இடத்திலேயே இருக்கும். இப்போது ஓட்டுபவரின் காலடியில்.

சீட்டைத் தாண்டி இடதுபக்கம் தவழ்ந்தாள். கிளட்ச் பெடலுக்குப் பக்கத்துத் தகட்டைச் சுத்தியலால் நெம்பினாள். சிவப்புப் பொத்தான் எழும்பி நின்றது. கட்டைவிரலால் அழுத்தினாள். டக்.

சாவியைப் பாதி திருப்பினாள். டாங்கி முனகியது. இரண்டு நொடி. அதைவிட நல்ல சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

"கேட்டியா பேர்மெத்? கேட்டியாடி? போயிடலாம்!"

"போயிடலாம்க்கா." பின்னாலிருந்து குரல் நிதானமாக வந்தது. "கிளம்புங்க. அந்தத் தெமிரை வெளிய எறிஞ்சிட்டுக் கிளம்புங்க. இனி அது எதுக்கு?"

சாவியில் இருந்த விரல்கள் நின்றன.

வெளியே அழுகை இன்னும் கேட்டது. மெலிந்துகொண்டே போனது.

குலாயிம் திரும்பவில்லை. "எதை எறியணும்?" என்று கேட்டாள்.

"அதான்க்கா. தெமிரை."

நான்கு வருஷம். பிரசவ வலியில்கூட, பெரிய கறுப்பா சின்னக் கறுப்பா என்று கேட்டவள்.

குலாயிமுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் கிளம்பியது. வண்டி கிளம்பியிருந்தால்? அந்தப் பெண்ணைப் பள்ளத்தில் விட்டுவிட்டு, இதைப் பத்திரமாக ஆஸ்பத்திரி வாசலில், பிள்ளை பெறும் பெண்களுக்கு நடுவில் கொண்டுபோய் இறக்கியிருப்பாளே!

கீழே கிடந்த சக்கர ஸ்பானரை எடுத்து மடியில் வைத்தாள். அதன் மேல் சுத்தியலை ஓங்கி அடித்தாள்.

ணங்.

பின்னால் ஏதோ சீறியது. நாய் இல்லை, பூனை இல்லை.

ணங். ணங்.

அடித்துக்கொண்டே இறங்கினாள். அடித்துக்கொண்டே சாலையைக் கடந்தாள். பள்ளத்தில் பேர்மெத் பக்கவாட்டில் கிடந்தாள், புருவம் முழுக்கப் பனி. "அக்கா, கதவைச் சாத்திட்டீங்களே" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். குலாயிம் பள்ளத்தில் இறங்கினாள். "என்னைக் கொல்லு, ஆனா நாளைக்குக் கொல்லு, இப்போ எழுந்திரு" என்று அவளை அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

முன் சீட்டில் உட்கார வைத்த பிறகுதான் பேர்மெத் பின்னால் பார்த்தாள். அலறவில்லை. குலாயிமின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள், எலும்பு நொறுங்குகிற பிடி.

குலாயிம் பின்கதவைத் திறந்துவைத்து அடித்தாள். இருபது அடி. முப்பது அடி. அது கோடிக்குள் இன்னும் ஒடுங்கியது, போர்வையை முகத்தில் அழுத்திக்கொண்டது. இறங்கவில்லை. போர்வைக்கு வெளியே மஞ்சள் முடி வழிந்து தரையைத் தொட்டது. இதற்குள் பேர்மெத்தின் வலி இரண்டு தரம் வந்துவிட்டது, இடைவெளி மூன்று நிமிஷம்கூட இல்லை.

"இறங்க மாட்டியா? சரி, வா! வந்துதான் பாரு! உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே இவ பெத்துக் காட்டுவா!" கதவை அறைந்து சாத்தினாள்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது.

ஒற்றை விளக்கோடு வண்டி ஏறியது. கணவாய்க்கு ஏழு வளைவு, ஒவ்வொன்றுக்கும் கியர் மாற்ற வேண்டும். கியருக்கு வலது கை, ஸ்டியரிங்குக்கு இடது கை. சுத்தியலுக்கு?

"கொடுங்கக்கா" என்றாள் பேர்மெத். ஸ்பானரைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "மாமா, மன்னிச்சிருங்க" என்றாள். பிறகு அடித்தாள்.

"தெமிர்!"

ணங்.

"தெமிர்! தெமிர்!"

ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெயர். குலாயிமின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்பா வந்துவிட்டார், இருபத்தெட்டு வருஷம் தாமதமாக, ஆனாலும் வந்துவிட்டார். "அப்படித்தான்டி! சத்தமா! செவிடனுக்கும் கேக்கணும்!"

வளைவு வந்தால் பேர்மெத் அடித்தாள். வலி வந்தால் சுத்தியல் குலாயிமின் கைக்கு மாறியது. கை மாறும் அந்த ஒரு கணம் மட்டும் சத்தம் நிற்கும். அந்த ஒரு கணத்தில் பின் ஸ்பிரிங் கிறீச்சிடும்.

முதல் வளைவு. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அது கோடியில் இருந்தது.

மூன்றாவது வளைவு. அது நடுவில் இருந்தது.

ஐந்தாவது. போர்வை நழுவியிருந்தது. முகம் பேர்மெத்தின் முகம்தான். கண் மட்டும் இமைக்கவில்லை.

ஆறாவது. முன் சீட்டின் முதுகில் நான்கு விரல். செம்பு நகம்.

ஏழாவது வளைவின் கம்பம் மூட்டத்திலிருந்து வெளியே வந்தபோது பேர்மெத் அடியை நிறுத்தி முன்னால் மடங்கினாள். "அக்கா, வருது… இது வலி இல்லக்கா, பிள்ளை வருது!"

வலியும் வளைவும் ஒன்றாக வந்துவிட்டன. சுத்தியல் காலடியில் உருண்டது.

கியரா, சுத்தியலா?

குலாயிம் கியரைத் தொடவில்லை. குனிந்து சுத்தியலை எடுத்தாள். மூன்றாவது கியரிலேயே வண்டியை வளைவுக்குள் திருப்பினாள். எஞ்சின் திணறியது, உதறியது, மூச்சு முட்டியது. நின்றுவிடாதே, நின்றுவிடாதே. மரத்துப்போன கையால் டாஷ்போர்டை, கதவை, ஸ்டியரிங் தண்டை, எது இரும்போ அதை அடித்தாள்.

"தெமிர்!" என்று கத்தினாள் பேர்மெத்.

"தெமிர்!" என்று கத்தினாள் குலாயிம்.

"தெமிர்" என்றது மூன்றாவது குரல், பேர்மெத்தின் காதோரம், மிக மென்மையாக. மஞ்சள் முடி அவள் தோளில் சரிந்து மடிக்கு வழிந்தது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதினொரு கிலோமீட்டர் இருந்தது. குலாயிம் சுத்தியலை மறுபடி ஓங்கினாள்.